மெதுவாகப் போனால் குலுக்கும் வண்டி

சனா,
வெள்ளிக்கிழமை காலை.

என் மனைவியின் தமையனாரும், கூவல் புறா வளர்ப்பில் இந்த வட்டாரமே வாய்பொத்தி நிற்கும் பெரியவருமான மச்சான் பிரயூன் அவர்களுக்கு, தங்கை கணவன் தாவின் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கை சுமாலியும், எங்களிடம் விட்டுப்போன தங்கள் புறாக்களும் நலம். அங்கே ஹாட்யாயில், மகள் பிம் வீட்டில், தாங்களும், தங்கள் வலது கண்ணும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஊதுபத்தி ஏற்றி வேண்டுகிறோம். கண்ணில் அறுவை முடிந்து குப்புறப் படுத்திருக்கும் மனிதருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் தாங்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறீர்கள்; நான் எதற்கும் பதில் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. கடிதத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது. மருமகள் பிம் உரக்கப் படித்துக் காட்டுவாள். பிம், அம்மா, நிதானமாகப் படி. அப்பாவுக்குக் கோபம் வருவதுபோல் தெரிந்தால் நிறுத்திவிட்டு உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடு. தலையை நிமிர்த்த விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தாங்கள் பிம்மை விட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் கூவல் போட்டி. தாங்கள் முட்டையிலிருந்து வளர்த்த புறா வான்முழக்கம் முதல் தடவையாக, முதல்தரப் புறாக்களின் கூண்டு மட்டும் தொங்கும் பெரிய கம்பம் ஏறுகிறது. இத்தனை வருடத்தில் தங்கள் வீட்டுப் புறா ஒன்றுகூட அந்தக் கம்பத்தில் ஏறியதில்லை, ஆகவே தாங்கள் அதன் அடியில் உட்கார்ந்து கேட்டே தீர வேண்டும். டாக்டரோ, தலை குலுங்கினால் உள்ளே ஒட்டிவைத்த விழித்திரை மறுபடி கழன்றுவிடும், கண் போய்விடும் என்கிறார். இடது கண் தங்களுக்கு ஏற்கெனவே பாதிதான். எங்கள் மகன் தன்வா ரேஸ் வண்டிபோல் ஒரு பிக்கப் வாங்கியிருக்கிறான் என்று தாங்கள் கேள்விப்பட்டு, அதில் வந்தால் குலுங்குமா குலுங்காதா, தாவினை ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல் என்றீர்கள். குலுங்குமா, குலுங்காதா. நில அளவை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு ஆம், இல்லை என்று எழுதத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு வாரமாக அந்த வண்டியில் ஏறி இறங்கி, எனக்கு இப்போது எது குலுங்கல், எது குலுங்காமை என்றே பிடிபடவில்லை.

தன்வா கடலில் எரிவாயு மேடைக்கு வேலைக்குப் போகும் முன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பழைய பிக்கப்பைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டு, இதை வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். ஆரஞ்சு நிறம். முன்பக்கம் யாரோடோ சண்டைக்குக் கிளம்பிய முகம். சக்கரங்கள் அநியாயத்துக்குப் பெரிது. சுமாலி ஏறுவதற்கு சமையலறை முக்காலியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது, இறங்கும்போது விடமாட்டேன் என்கிறது. முதல் நாள் விகாரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய பிக்குவைக் கொண்டு வண்டியின் கூரையில் வெள்ளைச் சாந்துப் பொட்டு வைத்து, நூல் கட்டி, அவரையே முன்னால் உட்காரவைத்து வளாகத்துக்குள் ஒரு சுற்று வந்தேன். பெரியவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆமை வேகத்தில்தான் போனேன். கீழே கிடந்த புளியங்கொட்டை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து சொல்லிவிட்டுப் போனது. இறங்கியதும் அவர் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு தாவின். ஆனா வழியில இருக்கறதையெல்லாம் ஒண்ணு விடாம என்கிட்ட சொல்லிக்கிட்டே வருது. எனக்கு இவ்வளவு தெரிய வேண்டாம்."

உடனே பட்டறைக்கார யூசோவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவனுடைய புறாவும் ஏறுகிறது, தங்களுக்குத் தெரியும். அவன் வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, காலியா போனா எந்த பிக்கப்பும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளத்தான் செய்யும். மணல் மூட்டைய ஏத்துங்க, அடங்கிடும்" என்றான். இது நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பழைய வண்டியில் புறாவைக் கொண்டுபோகும்போதெல்லாம் பின்னால் மணலை ஏற்றித்தானே போனோம். ஏற்றினோம். மச்சான், ஏற்ற ஏற்ற வண்டி பின்புறமாக உட்கார ஆரம்பித்தது. கடைசி மூட்டை ஏறியபோது முன்விளக்கு இரண்டும் தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்தன. ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் ஏதோ இடித்து, அந்த இடி நேராக என் பல்லுக்கு வந்தது. யூசோ வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்த் தட்டித் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, பின்னாடி பாரம் தாங்குற ஸ்பிரிங் பட்டையே இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. பட்டை இருக்க வேண்டிய எடத்துல சுருளு ரெண்டு நிக்குது, மோட்டார் சைக்கிள்ல இருக்குமே அது மாதிரி. எவனோ பட்டையக் கழட்டிட்டு இத வெச்சு ஏமாத்திட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து ஸ்பிரிங் பட்டை இல்லாத பிக்கப்பை நான் பார்த்ததில்லை. நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஆமா, இல்லதான். புது வண்டியிலயே திருடறானுங்களா" என்று வருத்தப்பட்டு எழுதிக்கொண்டார். பிறகு வெளியே போய்த் தன் பிக்கப்பின் அடியிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார், அவருக்கு இருந்தது.

பிம், அடுத்த பத்தியை அப்பாவுக்குப் படிக்காதே. சரி, படி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

வண்டி குலுங்குகிறதா என்று எனக்குத் தெரியாவிட்டாலும் புறாவுக்குத் தெரியும் அல்லவா? நல்லபடியாகப் பயணம் செய்த புறா, கூண்டின் துணியை விலக்கி நாம் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கூவிவிடும். அலுங்கிப்போன புறா வாயைத் திறக்காது. நாமெல்லாம் இப்படித்தான் வண்டி வாங்குகிறோம். ஆகவே வான்முழக்கத்தைத்தான் கூண்டோடு உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு போயிருந்தேன். வேறு புறாவைக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கண் தங்களுடையது, ஆகவே புறாவும் தங்களுடையதாக இருப்பதுதான் முறை என்று எனக்கு அப்போது பட்டது. போலீஸ் நிலையத்திலிருந்து திரும்பி யூசோவும் நானும் ஆளுக்கு நான்கு கோப்பை குடித்தோம். அது எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால், மகன் போனில். பட்டை திருடு போன செய்தியை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பையன் சிரித்த சிரிப்பில் கடல் இரைச்சலே கேட்கவில்லை.

"அப்பா, யாரும் திருடல. அந்த வண்டிக்குப் பட்டையே கிடையாது. மூட்டைய முதல்ல எறக்குங்க. அது மூட்டை ஏத்துற வண்டி இல்ல."

"மூட்டை ஏத்தாம பிக்கப் எதுக்குடா?"

"ஓட்டுறதுக்குப்பா."

"எங்க?"

"எங்கயும் இல்லப்பா. சும்மா ஓட்டுறதுக்கு." பிறகு அவன் சொன்னதுதான் என் தலையைச் சுற்றவைத்தது. "நீங்க மெதுவா போறீங்க, அதான் குலுக்குது. வேகமா போறதுக்குன்னே கட்டுன வண்டி அது. பள்ளத்தப் பாத்தா பிரேக்க தொடாதீங்க, ஆக்சிலேட்டர அமுக்குங்க. மெத்தை மாதிரி போகும்."

பள்ளத்தைப் பார்த்தால் அமுக்க வேண்டுமாம். நான் சுமாலியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைக்காமலே, "எங்கண்ணன் கண்ணு போச்சுன்னா உங்க கண்ணு ரெண்டையும் நான் எடுத்துக்குவேன்" என்றாள். தங்கள் குடும்பத்துக்கே உள்ள பாசம் அது, நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் மறுநாள் மணலை இறக்கிவிட்டு, புறாவை ஏற்றிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப்போட்ட நம் ரப்பர் தோட்டத்துப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். ஓட்டுகிறவன் கண்ணை மூடக்கூடாது என்று உடனே ஞாபகம் வந்து திறந்துகொண்டேன். மச்சான், தங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், பள்ளங்களைக் காணோம். கண்ணுக்குத் தெரிகிறது, முதுகுக்குத் தெரியவில்லை. மேட்டில் ஏறியது, நான் மேலே போனேன், வண்டியும் என்னோடு மேலே வந்தது, இரண்டு பேரும் சேர்ந்து பஞ்சு மூட்டையில் இறங்கியதுபோல் இறங்கினோம். தேநீர்க் கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த மாவு கீழே விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. வான்முழக்கம் கூவியது. அதுவும் சாதாரணக் கூவல் இல்லை. முன்னொலி நீண்டு, நடுவில் நிதானித்து, கடைசியில் மணி மாதிரி ஒரு அடி. வீட்டில் எனக்கு ஒருநாளும் அப்படிக் கூவிக் காட்டியதில்லை. அழுகையே வந்துவிட்டது. உடனே வண்டியை நிறுத்தி நன்றாகக் கேட்போம் என்று மெதுவாக்கினேன். பழையபடி குலுக்கல். புறா வாயை மூடிக்கொண்டது. நெடுஞ்சாலைக்குப் போனேன், கண்ணாடி போன்ற சாலை, அங்கே நிதானமாகப் போனால் சின்னதாக ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது, காய்ச்சல் வருவதற்கு முன் வருமே அதுபோல. ஆக, நல்ல சாலையில் நடுங்குகிறது, கெட்ட சாலையில் நடுங்கவில்லை. மெதுவாகப் போனால் ஆபத்து, வேகமாகப் போனால் சுகம். பாரம் ஏற்றினால் இடிக்கிறது, ஏற்றாவிட்டால் மிதக்கிறது. நான் படித்ததெல்லாம் தலைகீழாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கே போன் செய்து கேட்டேன். தாங்கள் கோபிக்கக்கூடாது. எடுத்தது ஒரு நர்ஸம்மா. ஒட்டிய கண்ணை எந்த வேகத்தில் கொண்டுபோகலாம் என்று கேட்டேன். "ஐயா, கண்ணுக்கு வேகம்லாம் கணக்கு இல்ல, தலை ஆடக்கூடாது அவ்வளவுதான். மெதுவா கூட்டிட்டு வாங்க" என்றாள். மெதுவாகப் போனால்தான் தலை ஆடும் என்று விளக்கினேன். "அப்ப வேகமா வராதீங்க" என்றாள். இல்லையம்மா, வேகமாகப் போனால் ஆடாது என்றேன். "ஐயா, உங்களுக்கு யாராவது துணைக்கு இருக்காங்களா?" என்று அன்பாகக் கேட்டாள்.

கடைசியாக ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. தாங்கள் எப்படி வருவீர்களோ அப்படியே நானும் வந்து பார்ப்பது. நேற்று மதியம் புறாக்கூண்டையும் உள்ளே தொங்கவிட்டு, யூசோவை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னிருக்கையில் குப்புறப் படுத்து, சுமாலி தைத்துக்கொடுத்த வளையத் தலையணையை இருக்கை விளிம்புக்கு வெளியே நீட்டிவைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். யூசோ வேகத்தை மாற்றி மாற்றிப் போவது, எது சுகம் என்று நான் சொல்வது, இதுதான் ஏற்பாடு. மச்சான், தாங்கள் எப்படித்தான் நாள் முழுவதும் இப்படிக் கிடக்கிறீர்களோ. தரைப் பாயைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதில் தன்வா சிந்திய வேர்க்கடலை ஒன்று கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இல்லாமல் போனால் இப்படித்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துபோனேன். அந்தப் பயத்தை மறக்கத்தான் கண்ணை மூடினேன், கொஞ்சம் அசந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். விழித்தபோது அப்படி ஒரு சுகம். தொட்டில்கூட ஆடும், இது ஆடவே இல்லை.

"யூசோ, இதுதான். இதே வேகத்துல போ. இப்ப வேகமா போறியா, மெதுவா போறியா?"

"நீங்களே சொல்லுங்கண்ணே. அதுக்குத்தான படுத்திருக்கீங்க."

"வேகமாத்தான்."

"இல்லண்ணே."

"அப்ப மெதுவா."

"நிக்கிறோம்ணே. சோதனைச் சாவடி."

கதவு திறந்தது. ஒரு ராணுவப் பையனின் பூட்ஸ் மட்டும் எனக்குத் தெரிந்தது. பேச்சில் வடக்கு மாகாணத்துக்காரன். "இவரு யாரு, ஏன் இப்படிக் கெடக்குறாரு?" என்று கேட்டான்.

"எங்க தாவின் அண்ணன்தான். கண்ணு ஆபரேஷன்" என்றான் யூசோ.

"எப்ப பண்ணாங்க?"

"இவருக்கு இல்ல. இவரு மச்சானுக்கு."

"மச்சான் எங்க?"

"ஹாட்யாய்ல. குப்புறப் படுத்திருக்காரு."

"அப்ப இவரு ஏன் குப்புறப் படுத்திருக்காரு?"

யூசோ யோசித்தான். நானும் வேர்க்கடலையைப் பார்த்தபடி யோசித்தேன். கேட்டால் நியாயமான கேள்விதான். முடிவில் என்னை இறக்கி, தலையணையின் ஓட்டைக்குள் கைவிட்டுப் பார்த்து, கூண்டின் துணியை விலக்கி, புறாவுக்கு ஒரு சல்யூட் வைத்து அனுப்பினார்கள்.

ஆகவே மச்சான், இத்தனை பாடுபட்டு நான் உறுதியாகக் கண்டுபிடித்தது, அந்த வண்டி நிற்கும்போது குலுங்குவதில்லை என்பது ஒன்றுதான். தாங்கள் அதில் வரவே கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது. தங்களுக்கு உருப்படியாக மிச்சம் இருப்பது அந்த ஒரு கண், அதை என் மகனுடைய சுருள் ஸ்பிரிங்கை நம்பிக் கொடுக்க என்னால் முடியாது. டாக்டர் இன்று பார்த்துவிட்டுச் சரி என்றால், நாளை ரயிலில் வாருங்கள். ரயிலும் குலுங்கும், ஆனால் அது குலுங்குவது எனக்குப் புரிகிறது. நிலையத்தில் நான் தள்ளுவண்டியோடு நிற்பேன். பிக்கப்பின் சாவியை யூசோவிடம் கொடுத்துவிட்டேன். தன்வா திரும்பி வரும்வரை நான் அதில் கால் வைப்பதில்லை என்று பெரிய பிக்குவின் முன்னால் வாக்கும் கொடுத்தாயிற்று.

பிம்முக்கும் அவள் கணவனுக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைக்கு முத்தம். தங்கள் கண்ணுக்குத் தனியாக என் வணக்கம்.

தங்கள் அன்பில் என்றும் குறையாத,
தாவின்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. நேற்று ஹாட்யாய் வேனைத் தவறவிட்டுவிட்டேன், அதனால் கடிதம் போகவில்லை. அதற்குள் பிம் போன் செய்தாள். டாக்டர் ரயிலும் வேண்டாம், எதுவும் வேண்டாம், ஒரு மாதத்துக்கு வாசலைத் தாண்டக்கூடாது என்றுவிட்டாராம். தாங்கள் கத்தவில்லை என்றும், "வான்முழக்கம் கூவுதா?" என்று மட்டும் கேட்டீர்கள் என்றும் சொன்னாள். தாங்கள் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்தியது எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சுமாலி யூசோவிடம் போய்ச் சாவியை வாங்கி வந்து, முக்காலியை வாசலில் போட்டுவிட்டு, "அண்ணனுக்கு அது கேக்கணும். கேக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? கூண்ட எடுங்க" என்றாள். நாளைக்குப் போட்டி, இன்றைக்கு அலுங்கினால் கம்பத்தில் வாயைத் திறக்காது என்றேன். "தெறக்காட்டி போகட்டும். அண்ணன் இல்லாம அது அங்க யாருக்குக் கூவணும்?" என்றாள். கூண்டை எடுத்துவிட்டேன். பெரிய பிக்குவிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் வான்முழக்கத்தோடு பிக்கப்பில் அங்கே வருகிறோம். இதைப் போனில் சொன்னால் வேண்டாம் என்பீர்கள், ஆகவே இப்போது கிளம்பும் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிம், மேலே எழுதியதெல்லாம் வீண், படித்திருந்தால் மறந்துவிடு. உங்கள் தெருவையும் குழாய்க்காகத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள் என்றாயே, நல்லதாகப் போயிற்று, யாரையும் மூடவிடாதே. வண்டி நின்றால் அது கூவாது, ஆகவே நாங்கள் நிற்கமாட்டோம், அப்பா போதும் என்று சொல்லும்வரை தெருவில் மேலும் கீழுமாகப் போய்வருவோம். குழந்தையை வாசலுக்கு விடாதே. அப்பாவைத் தலை நிமிர்த்த விடாதே. மதியச் சாப்பாடு ஆனதும் தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வை.